எஞ்சின் மாற்றிய ஹெரால்டு: அறிகுறி சொல்லும், கை வைத்த இடத்தைப் பாருங்கள்

புதுச்சேரி அரியாங்குப்பத்தில் என் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு மூன்று ஊர். சேசிஸ், அதாவது அடிச்சட்டம், சென்னையில் செய்த பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் மாருதி வெர்சாவிலிருந்து, பழைய வண்டி உடைத்து விற்கும் சென்னைப் புதுப்பேட்டை வழியாக வந்தவை. மேலே இருக்கும் இரண்டு சீட்டுத் திறந்த பாடி, கடலூரில் படகு கட்டும் கைகள் போட்ட ஃபைபர்.

ஹெரால்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி வெளியிட்ட வண்டி இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலொட்டி. சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றினால் பாடி தூக்கி வந்துவிடும். 1962-ல் டிரையம்ப் இதே சேசிஸைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதனால் ஹெரால்டின் மேல் வேறு சட்டை போடுவது பாவம் ஒன்றும் இல்லை, கம்பெனியே செய்ததுதான். பழைய 948 சி.சி. எஞ்சினின் சக்தி 40 குதிரையைத் தொடாது. வெர்சாவின் 1298 சி.சி., 16 வால்வு எஞ்சின் 80-க்கு மேல். அதோடு வெர்சா பின்சக்கர வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் நீளவாக்கில் ஜோடியாகவே வரும். முன்சக்கர வண்டியான மாருதி எஸ்டீமின் எஞ்சினை எடுத்து வேறு கியர்பாக்ஸோடு ஒட்டவைக்கப் பாடுபடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள், பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. மாப்பிள்ளை வீடு நல்ல வீடு, பெண் வீடும் நல்ல வீடு; சண்டை வருவது சம்பந்திகள் சந்திக்கும் இடத்தில். எஞ்சின் மாற்றிய காரும் அப்படித்தான். வெர்சா எஞ்சின் ஒரு லட்சம் கிலோமீட்டர் சிணுங்காமல் ஓடியிருக்கும், ஹெரால்டு சேசிஸ் அறுபது வருடம் தாங்கியிருக்கும். கோளாறு வந்தால் இரண்டும் சேரும் இடத்தில், அதாவது நாம் வெட்டிய, வெல்டு வைத்த, ஹோஸ் நீட்டிய, வயர் முறுக்கிய இடத்தில் இருக்கும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றும் முன் அந்த இடங்களைப் பாருங்கள்.

நின்றால் சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இது ஃபேன் வியாதி. ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுத்துத் தரவேண்டும். வெர்சாவில் ரேடியேட்டரும் ஃபேனும் இருந்த அமைப்பு ஹெரால்டின் மூக்கில் உட்காராது. எல்லாரும் கிடைத்த எலக்ட்ரிக் ஃபேனை மாட்டிவிடுகிறோம்.

எஞ்சினைச் சூடாக்கி ஃபேன் ஓடட்டும். தினத்தந்தியில் ஒரு பக்கத்தைக் கிழித்து ரேடியேட்டரின் முன்பக்கம் வையுங்கள். காகிதம் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டால் ஃபேன் சரி. நழுவி விழுந்தால் இழுவை போதாது. எதிர்த்திசையில் பறந்தால் சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது அதுதான். ஃபேனின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருந்தேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றி, எஞ்சின் பக்கத்துச் சூட்டை ரேடியேட்டருக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் கம்பீரமாக இருந்தது. இரண்டு நாள் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தேன்.

திசை சரி, இழுவை மட்டும் போதவில்லை என்றால் ஃபேனைச் சுற்றிக் கூடு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் ரேடியேட்டரை மட்டுமே குளிரவைக்கும், மூலைகள் சும்மா இருக்கும். ஃபைபர் வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் கூடு அரை நாள் வேலை.

நின்றால் சரி, வேகமாக ஓடினால் சூடு ஏறுகிறது

அறிகுறி தலைகீழ், காரணமும் வேறு. ஃபேனைத் தொடாதீர்கள்.

முதலில் வண்டியின் வாய். அழகுக்காக மூக்கைத் தாழ்த்தி, வாயைச் சின்னதாக்கியிருப்போம். உள்ளே வந்த காற்று ரேடியேட்டர் வழியாகப் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பக்கத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் அந்த வழியாகவே போய்விடும். ரேடியேட்டரின் நான்கு பக்கமும் ஃபோம் பட்டை வைத்து அடையுங்கள். என் வண்டியில் இதற்கு ஆன செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

அடுத்தது கீழ் ஹோஸ். அது வாட்டர் பம்பு உறிஞ்சும் பக்கம். நீளம் போதாமல் இரண்டு ஹோஸை ஒட்டியிருந்தாலோ, உள்ளே ஸ்பிரிங் இல்லாத மெல்லிய ஹோஸ் போட்டிருந்தாலோ, ஆர்.பி.எம். ஏறும்போது உறிஞ்சலில் சப்பிப்போகும். பானெட்டைத் திறந்துவைத்து ஒருவர் ஆக்ஸிலேட்டர் கொடுக்க, நீங்கள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது வழுக்கை அடைத்தால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அப்படி ஒட்டும்.

இரண்டும் சரியென்றால் காற்று அடைப்பு. ஹெரால்டு மூக்கு தாழ்வானது, ரேடியேட்டர் மூடி எஞ்சின் ஹெட்டைவிடக் கீழே போய்விடும். அப்போது காற்று ஹெட்டிலேயே தங்கும். தண்ணீர் ஊற்றும் இடம்தான் மொத்த வண்டியிலும் உயரமாக இருக்கவேண்டும். ஃபயர்வால் (எஞ்சினுக்கும் சீட்டுக்கும் நடுவே நிற்கும் தகடு) பக்கம் ஒரு தனி டாங்கை உயர்த்தி வைத்து ஹெட்டிலிருந்து அதற்கு ஒரு சின்னக் குழாய் கொடுங்கள். மேட்டில் முன்பக்கம் ஏற்றி நிறுத்தினால் காற்று வெளியேறும் என்பார்கள். எங்கள் ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? கோரிமேடு பெயரில்தான் மேடு. ஜாக்கி போதும்.

தண்ணீர் விஷயம் தனியாகச் சொல்லவேண்டும். வெர்சா எஞ்சினில் ஹெட், பிளாக் இரண்டும் அலுமினியம். பழைய ஹெரால்டு எஞ்சின் இரும்பு, எந்தத் தண்ணீரையும் குடித்துச் சமாளித்தது. கடலூர்க் கடலோரத்து போர் தண்ணீரை அலுமினியத்தில் ஊற்றினால் உப்பு அரித்துவிடும், ரேடியேட்டர் குழாய்களிலும் வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும். அவசரத்துக்கு ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால்கூட அந்த வாரமே வடித்துவிடுங்கள்.

ஸ்டார்ட்டர் முக்குகிறது, ஹார்ன் அடித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது

இரண்டும் ஒரே நோய். எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி.

இரும்பு பாடியில் பேட்டரி மைனஸை எங்காவது ஒரு போல்ட்டில் மாட்டினால் வண்டி முழுக்க எர்த். ஃபைபர் பாடியில் எர்த்தே கிடையாது. மின்சாரத்துக்கு ஃபைபர் ஒரு சுவர். விளக்கு, ஹார்ன், பெட்ரோல் பம்பு, மீட்டர் ஒவ்வொன்றுக்கும் திரும்பிவர ஒரு வயர் தேவை. அது இல்லாவிட்டால் கரண்ட் கிடைத்த வழியில் திரும்பும். ஹார்னின் கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாகப் போக முயல்வதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

இதில் எனக்கு ஒரு பயங்கரமான காலை உண்டு. எஞ்சினை இறக்கி முதல் தடவை சாவி திருப்பினேன். ஸ்டார்ட்டர் 'ம்ம்ம்' என்று முனகியது, அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன். பெடல் பக்கம் ரப்பர் கருகும் வாசனை. குனிந்து பார்த்தால் ஆக்ஸிலேட்டர் கேபிளின் உறையிலிருந்து ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை. எஞ்சின் நான்கு பக்கமும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சேசிஸுக்கு எர்த் பட்டை போட மறந்துவிட்டேன். ஸ்டார்ட்டர் கேட்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் முழுக்கவும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத்தான் திரும்பியிருக்கிறது. கேபிள் போனது. வண்டி போகாதது அதிர்ஷ்டம்.

சோதனை எளிது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையிலேயே, இன்னொன்று எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டது, பேட்டரியை மாற்றிப் பயனில்லை. அதே சோதனையைச் சேசிஸிலும், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எர்த் முனையிலும் செய்யுங்கள். எது ஏறுகிறதோ அந்த இணைப்பு குற்றவாளி.

புதிதாகச் செய்பவர்கள் பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தடித்த பட்டை, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து டாஷுக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டைக்கு ஒன்று என்று போட்டுவிடுங்கள். ஃபைபரில் இருக்கும் அத்தனை சாமான்களின் எர்த் வயரும் அந்தச் செம்புப் பட்டைக்கு வரட்டும்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று. போன மாதம் 0.1 காட்டிய இணைப்பு இந்த மாதம் 0.6 காட்டும். பிரித்துப் பார்த்தால் செம்பில் பச்சையாகக் களிம்பு. உப்புக் காற்று சும்மா இருக்காது. முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள்.

பழைய ஹெரால்டு வயரிங் அப்படியே இருந்தால் பேட்டரியின் எந்த முனை எர்த்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகள் பலவற்றில் பிளஸ் முனைதான் எர்த். அதே நினைப்பில் எஞ்சினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான மாருதி ஈ.சி.யூ.வை இணைத்தால் அது அந்த நொடியே முடிந்தது.

நன்றாக ஓடுகிறது, நிறுத்தப் போனால் அணைகிறது

வேகத்தில் பிரச்சினை இல்லை, ஐடிலிங்கும் பரவாயில்லை. ஆனால் உருண்டுவந்து நிற்கும் அந்தக் கடைசி நொடியில் அணைகிறது. இது பெரும்பாலும் வேகம் சொல்லும் சென்சாரின் வேலை. வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்தால்தான் ஈ.சி.யூ. முன்கூட்டியே ஐடிலிங்கைப் பிடித்து வைக்கும். நாம் ஹெரால்டின் அழகான பழைய வட்ட மீட்டரைப் போட்டுவிட்டு மாருதி மீட்டரைத் தூக்கி எறிந்திருப்போம். அந்தச் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிறதா, மீட்டருக்குள் இருக்கிறதா என்று வண்டி உடைக்கும் இடத்திலேயே பார்த்து, மீட்டருக்குள் இருந்தால் மீட்டரையும் எடுத்துவந்துவிடுங்கள். டாஷுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் யாருக்கும் தெரியாது.

ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணைந்தால், அல்லது ஸ்டார்ட்டே ஆகாமல் எச்சரிக்கை விளக்கு மின்னினால், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியா என்று பாருங்கள். ஈ.சி.யூ., சாவி, இம்மொபிலைசர் பெட்டி மூன்றும் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். ஈ.சி.யூ. மட்டும் வாங்கி வந்தால் பூட்டை வாங்கிச் சாவியை விட்டுவந்த கதை.

வளைவில் மட்டும் எஞ்சின் இடறுகிறது, அதுவும் டாங்கு பாதிக்குக் கீழே இருக்கும்போது என்றால் சென்சாரை விடுங்கள், அது பெட்ரோல். ஹெரால்டு டாங்கு கார்புரேட்டருக்காகச் செய்தது, வெர்சா எஞ்சினோ பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன். கார்புரேட்டருக்குத் தன் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் சேமிப்பு உண்டு. இஞ்செக்‌ஷனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது, பம்பு ஒரு மடக்கு காற்றை இழுத்தாலும் எஞ்சின் தடுமாறும். தடுப்புத் தட்டு இல்லாத டாங்கில் பெட்ரோல் ஒருபக்கமாகச் சாய்ந்தால் பம்பு வெறுங்காற்றைத்தான் குடிக்கும். டாங்குக்கும் பம்புக்கும் நடுவே ஒன்றரை லிட்டர் அளவில் ஒரு சின்னத் துணை டாங்கு வையுங்கள். குறைந்த அழுத்தப் பம்பு அதை நிரப்பிக்கொண்டே இருக்கும், இஞ்செக்‌ஷன் பம்பு அதிலிருந்து எடுக்கும், திரும்பிவரும் பெட்ரோலும் அங்கேயே விழும். கோளாறு அன்றோடு தீர்ந்தது.

ஃபில்டரில் கறுப்புத் துகள் வந்தால் ரப்பர் ஹோஸ் கரைகிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அறுபதுகளின் ரப்பர் அதைத் தாங்காது. இஞ்செக்‌ஷனுக்கென்று விற்கும் அழுத்த ஹோஸை முழு நீளமும் போடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று பார் அழுத்தத்தில் ஹோஸ் வெடித்தால் பெட்ரோல் மூடுபனியாக எஞ்சின் மேல் விழும்.

ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்'

கிளட்ச் முழுதாக விடவில்லை. கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் ஒரு டீ வாங்கிக்கொடுத்து உட்காரவையுங்கள்.

வெர்சாவின் கிளட்ச் கேபிளில் வேலை செய்வது. ஹெரால்டு பெடலோ ஹைட்ராலிக். பெடல் பக்கம் இருப்பது மாஸ்டர் சிலிண்டர்; கிளட்ச் பக்கம் ஒரு சிலேவ் சிலிண்டரைப் பொருத்தி நாமே ஒப்பேற்றியிருப்போம், கணக்கு உதைப்பது அங்கேதான். மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம், பெடலை மிதித்தால் அதன் பிஸ்டன் 30 மி.மீ. போகிறது என்று வையுங்கள். சிலேவ் 3/4 அங்குலம் என்றால் மறுமுனை சுமார் 21 மி.மீ. நகரும். 7/8 அங்குலச் சிலேவைப் போட்டால் 15 மி.மீ.தான். பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கும், கிளட்ச் மட்டும் விடாது. பெடல் லேசாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

அளவு சரியாக இருந்தும் கர்ர் என்றால், ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி நீங்கள் ஃபயர்வாலைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரோடு தகடும் முன்னால் பிதுங்கினால் உங்கள் காலின் பலம் தகட்டை வளைப்பதில் போகிறது. பின்னால் மூன்று மி.மீ. தகடு ஒன்று வைத்துக் கட்டினால் சரியாகிவிடும். துருப்பிடித்து இற்றுப்போன ஃபயர்வாலாக இருந்தால் முதலில் அதை வெட்டி மாற்றவேண்டும், அது பெரிய வேலை.

வேறு வேறு வண்டியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நடுத்தகடு வைத்து இணைத்தவர்களுக்கு மட்டும்: கர்ர் சத்தத்தோடு வண்டி எடுக்கும்போது உதறலும், கொஞ்ச நாளில் முன் பேரிங் ஊளையும் சேர்ந்தால் தகட்டில் டோவல் பின் (மையம் பிடிக்கும் ஊசி) இல்லை, அல்லது மையம் விலகியிருக்கிறது. போல்ட் இறுக்கும், மையம் பிடிக்காது. டயல் கேஜ் வைத்து அளக்காமல் அதை மறுபடி பூட்டாதீர்கள்.

ஐம்பதைத் தாண்டினால் அதிர்வு

எஞ்சினா, கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்டா? அதிர்வு வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரல் போடுங்கள். நின்றுவிட்டால் எஞ்சின் அல்லது அதன் மவுண்ட். தொடர்ந்தால் ஷாஃப்ட், சக்கரம் அந்தப் பக்கம்.

60 கி.மீ. வேகத்தில் 13 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 570 சுற்று சுற்றும். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃப்ரன்ஷியலின் விகிதம் 4.11 என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் 2,300-க்கு மேல் சுற்றுகிறது. லேத்தில் வெட்டிச் சுருக்கி வெல்டு வைத்த ஷாஃப்ட், பேலன்ஸ் பார்க்காமல் அந்த வேகத்தில் சும்மா இருக்குமா? பேலன்ஸ் செய்து வாங்குங்கள். வெட்டி ஒட்டும்போது இரண்டு முனையிலும் இருக்கும் கவை போன்ற யோக்குகளும் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் எந்த பேலன்சும் காப்பாற்றாது.

அப்புறம் கோணம். கியர்பாக்ஸ் வெளிவரும் ஷாஃப்டும் டிஃப்ரன்ஷியல் உள்வாங்கும் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். மொபைலில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப்பே போதும். ஹெரால்டில் டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு போல்ட் செய்யப்பட்டது, மேலும் கீழும் ஆடாது. ஒரு தடவை கோணம் பிடித்தால் பிடித்ததுதான். கியர்பாக்ஸ் பின்மவுண்டுக்கு அடியில் வாஷர் கூட்டிக் குறைத்தே சரிசெய்யலாம்.

ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது ஸ்விங் ஆக்சில், டிஃப்ரன்ஷியல் பக்கத்து முனையில் மட்டும் மடங்குவது. சேசிஸில் முட்டுக்கொடுத்தால் சக்கரங்கள் கீழே தொங்கி உள் ஜாயின்ட்டுகள் முறுகும், இல்லாத அதிர்வு வரும். ஆக்சிலின் வெளிமுனையில், சக்கரத்துக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுங்கள். கீழே ஒரு ஆளும் படுக்கக்கூடாது.

பிரேக் அடித்தால் ஆயில் விளக்கு எரிகிறது

எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பை வெட்டியிருப்பீர்கள். ஸ்டியரிங் ராக்குக்கு இடம்விட முன்பக்கம் ஆழத்தைக் குறைத்தால் ஆயில் உறிஞ்சும் குழாய் மட்டம் மாறும். குழாய் வாய்க்கும் சம்பு அடிக்கும் நடுவே 6 முதல் 8 மி.மீ. இருக்கட்டும், ஒரு உருண்டை களிமண்ணை வைத்து சம்பை மூடித் திறந்தால் நசுங்கிய தடிமன் அளவைச் சொல்லும். உள்ளே தடுப்புத் தட்டும் வேண்டும். விளக்கு ஒரு நொடிதானே எரிகிறது என்று ஓட்டாதீர்கள், பேரிங்குக்கு அந்த ஒரு நொடி போதும்.

பாடியில் கொப்புளம், கோடு, வெடிப்பு

ஃபைபர் பாடி செய்ய எங்கள் பக்கத்தைவிட நல்ல ஊர் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையெங்கும் ஃபைபர் படகு பெருகியது, அதோடு வேலை தெரிந்த கைகளும். எனக்குப் போட்டுக் கொடுத்த அண்ணன் அதுவரை ஒரு காரையும் தொட்டதில்லை. படகுக்குப் போடும் கனத்தில் கதவைப் போட்டுவிட்டு, நான் முகம் சுளித்ததும், "இதே கனத்துல போட்டா உன் காரு மிதக்கும் தம்பி, ஓடாது," என்று அவரே சிரித்தார். இரண்டாவது கதவு 450 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு அடுக்கு, ஓரத்தில் மட்டும் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி) ஒன்று. ஒரு கையால் தூக்கலாம்.

பெயின்டில் கொப்புளம் வந்தபோது அவரைத்தான் கூப்பிட்டேன். வந்தவர் உப்புத்தாள் கேட்கவில்லை, ஒரு ரூபாய் நாணயம் கேட்டார். பானெட்டின் ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். நடுவில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது. "காதை வச்சுக் கேளு. இங்க கல்லு, இங்க அப்பளம்." அப்பளம் என்றால் உள்ளே காற்று, மேட் அடுக்குகள் ஒட்டாமல் நிற்கின்றன. சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் ஏழு வட்டம், கொப்புளம் ஐந்தில்தான். மீதி இரண்டு அடுத்த வெயிலில் வந்திருக்கும். ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்றும்போது அவசரப்பட்ட பையன் யார் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பளச் சத்தம் வரும் இடத்தை அரைத்துத் திறந்து, காயவைத்து, மறுபடி மேட் போடவேண்டும். மேலே பட்டி தடவி மூடினால் அடுத்த வெயிலில் அதே இடம். கொப்புளம் சின்னச் சின்னதாக, மிளகு தூவியது போல எல்லா இடத்திலும் இருந்தால் அது வேறு: ஈரம். மழைக்காலத்துக் காலை நேரத்தில் மேட் போட்டிருப்பார்கள். நம் கடலோர ஈரக்காற்றில் ரெசின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும். வெயில் ஏறி, பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

கொப்புளம் இல்லை, ஆனால் ஒரு மாதம் வெயிலில் நின்றபின் பளபளப்புக்கு அடியில் துணி நெசவு தெரிகிறது என்றால் ரெசின் முழுதாக இறுகும் முன்பே பெயின்ட் அடித்துவிட்டீர்கள். பாலியஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும், அந்தச் சுருக்கம் வாரக்கணக்கில் நடக்கும். பாடியை வெயிலில் இரண்டு மூன்று வாரம் போட்டுவைத்து, அப்புறம் தேய்த்து அடியுங்கள். காத்திருக்கத்தான் யாருக்கும் மனமில்லை, எனக்கும் இருந்ததில்லை.

கதவு மூலையில் நட்சத்திரம் போல வெடிப்பா? போல்ட் ஃபைபரில் நேராக இறங்கியிருக்கும். அடியில் அகல வாஷரும் ரப்பரும் வையுங்கள். பழைய இரும்பின் மேல் ஃபைபர் ஒட்டிய ஓரத்தில் தூக்கிக்கொண்டு வந்தால், உள்ளே துரு வளர்கிறது. பாலியஸ்டருக்கு இரும்பின் மேல் பிடிப்பு குறைவு. துருவைச் சுத்தமாக எடுத்து, அந்த ஒட்டுக்கு மட்டும் எபாக்ஸி போடுங்கள்.

வெடிப்பைவிடக் கவலை தரும் அறிகுறி ஒன்று: ஜாக்கி போட்டால் கதவு திறக்கவில்லை. கூரையை எடுத்தபின் சேசிஸ் நடுவில் தொய்கிறது. கதவை மூடி இடைவெளியை அளங்கள், ஒருபக்கம் ஜாக்கியில் தூக்கி மறுபடி அளங்கள். இரண்டு மி.மீ.க்கு மேல் மாறினால் பாடி வேலையை நிறுத்திவிட்டுக் கதவுக்கு அடியில் பெட்டிக் குழாய் வைத்து சேசிஸைக் கட்டுங்கள். அதற்குமுன் போடும் எந்தப் பெயின்டும் வெடிக்கும்.

வீட்டிலேயே ரெசின் கலப்பவர்களுக்கு: ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டையும், அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, ஹார்ட்னரைக் கடைசியில், எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கவும் வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

கியர் ஆயில் பால் டீ நிறத்தில்

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. என் ஷெட்டில் முழங்கால் அளவு. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நிம்மதியாக இருந்தேன், கியர்பாக்ஸின் மூச்சுக்குழாயை மறந்துவிட்டேன். ஹெரால்டு தாழ்ந்த வண்டி, அந்தக் குழாய் வெர்சாவில் இருந்த உயரத்தில் இப்போது இல்லை. ஆயிலை வடித்தால் டீக்கடை கிளாஸ் நிறம். மூன்று தடவை ஊற்றி, ஓட்டி, வடித்தபின்தான் தெளிந்தது. டிஃப்ரன்ஷியலையும் திறந்து பாருங்கள். மூச்சுக்குழாயில் ஒரு ஹோஸ் மாட்டி ஃபயர்வால் உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

எல்லாம் சரி, எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்கவில்லை

இதற்கு ஸ்பேனர் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எரிபொருள் மாற்றும் கிட் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, நம் மாதிரி வேலைக்கு அந்தக் கதவு திறக்காது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான். எஞ்சினும் பாடியும் மாற்றிய ஹெரால்டு அதற்குள் வராது. எனவே முதல் போல்ட்டைக் கழற்றும் முன் உங்கள் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் கேளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் அசல் ஹெரால்டை வெட்டவும் வேண்டாம். துருப்பிடித்துப் பாதி போனதைத் தேடுங்கள், நம் கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை.

என் வண்டி சாலையில் ஓடுவதில்லை. ஷெட்டுக்குள்ளும், தெரிந்தவர் ஒருவரின் மில் வளாகத்திலும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வாய்ப்புக் கிடைக்கும் நாட்களிலும் ஓடுகிறது. அங்கே லாரியில் ஏறித்தான் போகும். முதல் தடவை ஏற்றவந்த பையன் இழுவைக் கொக்கியை முன்பக்க ஃபைபரில் மாட்டி வின்ச்சை ஓடவிட்டான். உதடு அப்படியே பிய்ந்து வந்தது. இப்போது சேசிஸின் முன்முனையில் ஒரு வளையம் வெல்டு வைத்து, சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன்.